படகுக்கு வாசல் மேலே... கேஸ் போறது கீழே! - கடலுக்குப் போறவங்களுக்கு ஒரு கரன்ட், கேஸ் பாடம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தஞ்சாவூர் மாவட்டம் முடிந்து புதுக்கோட்டை மாவட்டம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது கட்டுமாவடி. நண்டு, இறால் வாங்க வெளியூர்க்காரர்களும் வண்டி கட்டி வரும் மீன் மார்க்கெட் ஊர். மீனைப் பார்த்திருப்பீங்க, விலை பேசியிருப்பீங்க. அந்த மீனைக் கொண்டுவந்த படகுக்குள்ளே எட்டிப் பார்த்திருக்கீங்களா?

தாத்தா காலத்தில் பாக் விரிகுடாவில் ஓடியது பாய்மரப் படகு. கொண்டல் அடிச்சா ஒரு பக்கம், கச்சான் அடிச்சா இன்னொரு பக்கம். படகில் இருந்தது பாய், துடுப்பு, நங்கூரம், ஒரு அரிக்கேன் விளக்கு. தொண்டிப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும்போதுதான் இப்போ அந்தப் பாயைப் பார்க்க முடிகிறது. இன்றைய நாட்டுப்படகில் இன்ஜின் இருக்கு, பேட்டரி இருக்கு, எல்.இ.டி லைட், ஜி.பி.எஸ், செல்போன் சார்ஜர் இருக்கு. பக்கத்தில் இருக்கும் ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் விசைப்படகுகளைப் பார்த்தால் வயர்லெஸ், அடுப்பு, சிலிண்டர் வரைக்கும் வந்தாச்சு.

பொழுதுபோக்குப் பாய்மரப் படகுகளும் இப்படித்தான். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா, கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா என்ற இரண்டு கடற்படை அதிகாரிகள் 2024 அக்டோபர் 2-ம் தேதி கோவாவில் கிளம்பி, உலகத்தையே சுற்றிவிட்டு 2025 மே மாதக் கடைசியில் திரும்பி வந்தார்களே... அவர்கள் போன 'தாரிணி' படகின் நீளம் சுமார் 17 மீட்டர்தான். அந்த மாதிரிப் படகைக் காற்று ஓட்டும். ஆனால் விளக்கு, ரேடியோ, வழிகாட்டும் கருவிகளை எல்லாம் ஓட்டுவது பேட்டரி. சமையல், தூக்கம், பேட்டரி எல்லாமே ஒரே கூட்டுக்குள்.

சுருக்கமா சொன்னா, ஒரு சின்ன வீட்டையே தூக்கிப் படகுக்குள்ளே வெச்சாச்சு. கூடவே வீட்டுப் பழக்கமும் ஏறி வந்துடுச்சு. கேஸ் வாடை வந்தா ஜன்னலைத் திற, கரன்ட் புகைஞ்சா மெயினை அணை, தீப்பிடிச்சா வெளியே ஓடு. படகில் ஜன்னல் கிடையாது, நிறையப் படகில் மெயின் சுவிட்ச்சும் கிடையாது, ஓடுவதற்கு இடமே கிடையாது. அதனால் கேஸையும் கரன்ட்டையும் படகில் வேற மாதிரிக் கையாளணும். எப்படின்னு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படகு ஒரு பெரிய சட்டி

சமையல் கேஸ் என்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. இது காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு எடை கூடியது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையோடு தரையாக ஓடி, பள்ளம் எங்கே இருக்கோ அங்கே போய்த் தேங்கும்.

வீட்டில் பிரச்னை இல்லை, வாசல்படி தரைமட்டத்தில் இருக்கு. கதவைத் திறந்தால் தரையில் தவழும் கேஸ் வெளியே போக வழி உண்டு. படகை யோசிச்சுப் பாருங்க. தண்ணீர் உள்ளே வரக் கூடாது என்பதற்காகவே ஓட்டை இல்லாமல் செய்த சட்டி அது. தண்ணீர் உள்ளே வராத சட்டியில் இருந்து கேஸ் மட்டும் எப்படி வெளியே போகும்? வாசல் மேலே டெக்கில் இருக்கு. கேஸ் போய் உட்காருவதோ கீழே, அடிப்பள்ளத்தில். கதவை ராத்திரி முழுக்கத் திறந்து வெச்சாலும் அது அங்கேயே கிடக்கும்.

அந்த அடிப்பள்ளத்தில் வேறு யார் இருக்கா? தேங்கும் தண்ணீரை இறைக்கும் மோட்டார் பம்ப். பக்கத்திலேயே இன்ஜினோட ஸ்டார்ட்டர் மோட்டார். இரண்டிலும் பொறி வரும். தண்ணீர் ஏறினால் தானாக ஓடும் ஆட்டோமேட்டிக் பம்ப்பாக இருந்தால், யாரும் சுவிட்ச்சைத் தொட வேண்டியதுகூட இல்லை.

எவ்வளவு கேஸ் கசிந்தால் ஆபத்து? காற்றில் சுமார் 2 சதவிகிதம் கலந்தாலே வெடிக்கும் நிலைக்கு வந்துவிடும். கணக்குப் போட்டால், வெறும் 100 கிராம் கேஸ் போதும், சுமார் 2,000 லிட்டர் காற்றை வெடிக்கும் கலவையாக மாற்றிவிடும். 2,000 லிட்டர்னா ஒரு வீட்டு மொட்டைமாடித் தண்ணீர் டேங்க் அளவு. சின்னப் படகோட அடிப்பகுதியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ.

'வாடை வந்தா தெரிஞ்சுடுமே' என்று நினைக்க வேண்டாம். கேஸுக்கு இயல்பில் வாடையே கிடையாது. கசிவு தெரியணும் என்பதற்காக மெர்காப்டன் என்ற ரசாயனத்தைக் கலக்கிறார்கள். வீட்டில் அது உடனே மூக்கில் ஏறும். படகில் டீசல் வாடை, மீன் வாடை, வலை வாடை. கேஸ் தேங்கி நிற்பதோ உங்க கால் மட்டத்தில். மூக்கு அங்கே இல்லை.

சிலிண்டருக்கு இடம் டெக் மேலே

ஆகவே முதல் விதி, சிலிண்டர் படகுக்குள்ளே இறங்கக் கூடாது. வெளிநாட்டுப் பாய்மரப் படகுகளில் இதற்கென்றே டெக்கில் தனிப் பெட்டி வைப்பார்கள். பெட்டிக்கு மேல் மூடி, அடியில் ஒரு குழாய். அந்தக் குழாய் நீர்மட்டத்துக்கு மேலே, படகுக்கு வெளியே போய் முடியும். கசிந்தால் கேஸ் கீழே இறங்கி, குழாய் வழியாகக் கடலுக்குப் போய்விடும். உள்ளே வர வழியே இல்லை. நம்ம ஊர்ப் படகுக்கு இதைச் செய்ய ஒரு ஃபைபர் பெட்டியும் ஒரு முழம் பைப்பும் போதும். பெட்டி இல்லையென்றால், காற்றோட்டமான திறந்த இடத்தில், இன்ஜின் ரூம் வாயிலுக்குத் தள்ளி வைத்துக் கட்டுங்க.

இரண்டாவது, சிலிண்டர் எப்பவும் நிமிர்ந்தே நிற்கணும். உள்ளே கீழே இருப்பது திரவம், மேலே வாயு. நிமிர்ந்து நின்றால் வாயு மட்டும் வெளியே வரும். சாய்ந்து படுத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் வரும், வெளியே வந்ததும் சுமார் 250 மடங்கு விரியும். அலையில் படகு ஆடும், பாய்மரப் படகு சாய்ந்துதான் ஓடும். அதனால் சிலிண்டரை மேலே ஒரு கட்டு, கீழே ஒரு கட்டு என்று இரண்டு இடத்தில் கட்டணும்.

மூன்றாவது, அடுப்பைத் திருகி அணைப்பது போதாது. சமையல் முடிந்ததும் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடணும். அப்போதான் டியூப்பில் கேஸ் அழுத்தம் இருக்காது, டியூப் வெடித்திருந்தாலும் கசிய ஒன்றும் இருக்காது. டீ போட்டு முடிச்சா க்ளாஸைக் கையில் எடுப்பதற்கு முன்னாடி ரெகுலேட்டர். இதை ஒரு பழக்கமாகவே ஆக்கிடுங்க.

நான்காவது, காற்று. வீட்டு அடுப்பில் தீ அணைந்தால் கண்ணில் படும். கடலில் ஒரு வீச்சுக் காற்று தீயை அணைத்துவிடும், கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். தீ அணைந்தால் தானாகவே கேஸை நிறுத்தும் வசதி உள்ள அடுப்புகள் கிடைக்கின்றன. அது இல்லையென்றால் அடுப்பை விட்டு யாரும் நகரக் கூடாது.

டியூப் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஐ.எஸ்.ஐ முத்திரை உள்ள சுரக்ஷா டியூப்பையே 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். அது வீட்டுக்கு. உப்புக்காற்றிலும் வெயிலிலும் கிடக்கும் டியூப்பை வளைத்துப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்றணும். சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருதான்னு பாருங்க. தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுடுங்க.

சிலிண்டர் கழுத்துப் பட்டையில் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். அடுத்த பரிசோதனைக்கான காலக்கெடு அது. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். பி-28 என்று இருந்தால் 2028 ஜூனுக்குள் என்று அர்த்தம். தேதி தாண்டியது, அடிவளையம் துருப்பிடித்தது எதுவும் படகில் ஏறக் கூடாது.

2023 சொன்ன இரண்டு பாடம்

சின்ன இடம், சிலிண்டர், வெளியேற வழி இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு தரையிலேயே பார்த்தது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையம் அருகே நின்றுகொண்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டி ஒன்று தீப்பிடித்தது. லக்னோவில் இருந்து வந்தவர்கள், விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டரில் அடுப்பு பற்ற வைத்திருக்கிறார்கள். 9 பேர் இறந்தார்கள். நின்ற ரயில், சுற்றிலும் ஊர், தீயணைப்பு வண்டி வரும் தூரம். அப்படியிருந்தும் 9 உயிர்.

அதே ஆண்டு நவம்பர் 19 இரவு, விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு படகில் தீ. பக்கத்துப் படகு, அதற்குப் பக்கத்துப் படகு என்று தாவி, 30-க்கும் மேற்பட்ட விசைப்படகுகள் எரிந்தன. அணைக்காமல் வீசிய சிகரெட் துண்டு வலையில் விழுந்ததுதான் தொடக்கம் என்றது போலீஸ் விசாரணை. ஒரு சிகரெட் துண்டு இத்தனை படகை எரிக்கக் காரணம், ஒவ்வொரு படகிலும் காத்திருந்த டீசலும் சிலிண்டரும். தீ நெருங்க நெருங்க சிலிண்டர்கள் வெடித்தன, அணைக்கப் போனவர்களால் கிட்டே நெருங்கவே முடியவில்லை.

இதில் நமக்கு ஒரு செய்தி இருக்கு. கரையில் படகுகளை ஒட்டி ஒட்டிக் கட்டும் நாட்களில் உங்க சிலிண்டர் உங்க படகுக்கு மட்டும் ஆபத்தில்லை. கரைக்கு வந்ததும் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, சிலிண்டரை இறக்கிவிடுவது பக்கத்துப் படகுக்காரருக்குச் செய்யும் மரியாதை.

'12 வோல்ட்தானே, என்ன பண்ணிடும்?'

கரன்ட் என்றாலே நமக்கு ஷாக்தான் ஞாபகம் வரும். படகு பேட்டரி 12 வோல்ட். இரண்டு முனையையும் கையில் தொட்டாலும் பொதுவா ஒன்றும் ஆகாது. அதனால்தான் 'இதுல என்ன இருக்கு' என்று அலட்சியம் வருது.

ஷாக் அடிக்க வைப்பது வோல்ட். வயரைச் சூடாக்குவது ஆம்பியர். வீட்டு பிளக்கில் 16 ஆம்பியருக்கு மேல் போனால் பிரேக்கர் விழுந்துடும். லாரி, டிராக்டரில் போடும் அளவுள்ள ஒரு பேட்டரியின் இரண்டு முனையும் நேரடியாக ஒட்டிக்கொண்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். தடுக்க பிரேக்கர் இல்லை. ஸ்பேனர் தவறி விழுந்தாலே பழுக்கக் காய்ந்து பேட்டரியோடு ஒட்டிக்கொள்ளும். கையில் வெள்ளிக் காப்பு, மோதிரம் போட்டுக்கொண்டு பேட்டரி மாட்டுபவர்கள் முதலில் அதைக் கழற்றி வைக்கணும்.

இதைவிட அமைதியாக வேலை செய்யும் எதிரி, உப்பு. செம்புக் கம்பி உப்புக்காற்றில் பச்சை பூக்கும். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டில் இது சீக்கிரமே வரும். பச்சை பூத்த இடத்தில் மின்தடை கூடும். வெறும் 0.1 ஓம் தடைதான் என்று வைத்துக்கொள்வோம். பெரிய லைட்டுகளுக்காக 20 ஆம்பியர் அந்த ஜாயின்ட் வழியாகப் போனால், அந்த ஒரே புள்ளியில் 40 வாட் சூடு பிறக்கும். ரேடியோ கடைகளில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் சாதாரணமாக 25 வாட். டீசல் கசிந்த பலகையை ஒட்டி, வலைக்கு அடியில், அணைக்கவே முடியாத ஒரு சால்டரிங் அயர்ன் இரவு முழுக்க எரிகிறது என்று கற்பனை செய்துபாருங்க. 12 வோல்ட் இதைத்தான் பண்ணும்.

தீர்வு கஷ்டமே இல்லை.

ஃபியூஸ் போடுங்க. எங்கே போடுறீங்க என்பதுதான் விஷயம். லைட்டுக்குப் பக்கத்தில் போட்டால் லைட்டுக்குத்தான் பாதுகாப்பு. பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் மெயின் ஃபியூஸ் இருக்கணும். அந்த ஒரு சாணுக்கு அப்புறம் வயர் எங்கே உரசி ஷார்ட் ஆனாலும் ஃபியூஸ் முந்திக்கொண்டு போய்விடும். ஃபியூஸ் காப்பாற்றுவது லைட்டை அல்ல, வயரை. அதனால் வயர் எவ்வளவு ஆம்பியர் தாங்குமோ அதற்குக் குறைவான ஃபியூஸ்தான் போடணும். போன ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றினால் அங்கே ஃபியூஸே இல்லை என்று அர்த்தம்.

வயர், ஈயம் பூசிய பல இழைச் செம்புக் கம்பியாக இருக்கட்டும். வீட்டுச் சுவருக்குள் போடும் ஒற்றைக் கம்பி, இன்ஜின் அதிர்வில் முறிந்துவிடும். ஜாயின்ட்டை முறுக்கி டேப் சுற்றாமல், கிரிம்ப் பண்ணி மேலே சுருங்கும் ட்யூப் போடுங்க. வயரை அடிப்பள்ளத்துத் தண்ணீரில் விடாமல் மேலே ஏற்றிக் கட்டுங்க. கஜா மாதிரிப் புயலில் முங்கி எழுந்த படகின் பழைய வயரிங்கைக் காயவைத்துத் திரும்ப ஓட்டுவது வேண்டாம். உள்ளே ஏறிய உப்பு வெளியே வராது.

கூடவே ஒரு மெயின் கட்-ஆஃப் சுவிட்ச். படகை விட்டு இறங்கும்போது சாவி எடுப்பது மாதிரி, பேட்டரியைத் துண்டித்துவிட்டு இறங்குங்க.

மேலே ஒரு வாயு, கீழே ஒரு வாயு

ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயுவை வெளியே விடும். இது சமையல் கேஸுக்கு நேர் எதிர். உலகத்திலேயே லேசான வாயு, மேலே ஏறிக் கூரையில் தங்கும். காற்றில் 4 சதவிகிதம் சேர்ந்தாலே வெடிக்கும், அதுவும் 75 சதவிகிதம் வரைக்கும் வெடிக்கும். அதற்கு வாடையும் கிடையாது.

இது சின்னப் படகுக்காரர்களைப் பயமுறுத்தச் சொல்லும் கதை இல்லை. 2010 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் நின்ற நம் கடற்படையின் 'சிந்துரக்ஷக்' நீர்மூழ்கிக் கப்பலில், பேட்டரியில் இருந்து கசிந்த ஹைட்ரஜன் தீப்பிடித்து ஒரு மாலுமி இறந்தார். பயிற்சி பெற்றவர்கள் பராமரிக்கும் கப்பலுக்கே அந்த நிலைமை.

எனவே பேட்டரிப் பெட்டிக்கு மேல்பக்கம் காற்றுவழி வேணும். சிலிண்டர் பெட்டிக்கு ஓட்டை அடியில், பேட்டரிப் பெட்டிக்கு ஓட்டை மேலே என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். இரண்டையும் ஒரே பெட்டியில் வைப்பது கூடவே கூடாது. பேட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். பேட்டரி உருளாமல் கட்டியிருக்கணும். கடல்நீர் பேட்டரியை மூழ்கடித்தால் குளோரின் என்ற நச்சு வாயு வரும். தண்ணீர் ஏறிய படகில் கண் எரிந்து, மூச்சு முட்டினால் உள்ளே இறங்காதீங்க.

தலைமாட்டில் பவர்பேங்க்

இப்போ கடலுக்குப் போகும் பசங்க கையில் போன், பவர்பேங்க், ஹெட்லைட், ப்ளூடூத் ஸ்பீக்கர். எல்லாத்திலும் லித்தியம் பேட்டரி. உப்புத் தண்ணீர் பட்டது, உப்பிப்போனது, விலை மலிவா வாங்கியது எதையும் படகில் சார்ஜ் போடாதீங்க. தூங்கும்போது சார்ஜ் ஏறவும் வேண்டாம்.

2019 செப்டம்பர் 2 அதிகாலை, அமெரிக்காவின் கலிஃபோர்னியா கடலில் 'கன்செப்ஷன்' என்ற சுற்றுலாப் படகு எரிந்தது. கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேரும் இறந்தார்கள். மேல்தளத்துக் கூடத்தில் நிறைய போன்களும் கேமராக்களும் சார்ஜில் கிடந்தன, சந்தேகம் அவற்றின் மேல் விழுந்தது. படகு முழுக்க எரிந்து மூழ்கியதால் தீயின் காரணத்தை விசாரணைக் குழுவால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் இரண்டு விஷயத்தை உறுதியாகச் சொன்னார்கள். இரவில் ஒருவர்கூட விழித்துக் காவல் பார்க்கவில்லை. கீழ்த்தளத்தின் இரண்டு வழிகளும் எரிந்துகொண்டிருந்த அதே கூடத்துக்குத்தான் போயின.

நம்ம படகுக்கும் அதே கேள்வி. எல்லோரும் தூங்கினால் யார் பார்ப்பது? அடுப்புப் பக்கம் தீப்பிடித்தால் வேறு பக்கம் ஏற வழி இருக்கா?

இன்வெர்ட்டர் போட்டிருக்கும் படகில் இன்னொரு எச்சரிக்கை. அதிலிருந்து வெளியே வருவது 230 வோல்ட். இது ஷாக் அடிக்கும், ஆளைக் கொல்லும். ஈரக் கையும் உப்பு உடம்பும் கரன்ட்டுக்கு நல்ல வழி. கரையில் வயர் இழுத்து வெல்டிங், கிரைண்டிங் செய்யும்போதும் இதே கதைதான். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி இல்லாமல் அந்த லைனைப் படகுக்குள் கொண்டுவராதீங்க.

இது கடல் மயக்கம் இல்லை

மழைக்காக எல்லாவற்றையும் மூடிக்கொண்டு உள்ளே அடுப்பு எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமில்லை, வாடையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறும் இடத்தை இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான ஈர்ப்போடு பிடித்துக்கொள்ளும். முதல் அறிகுறி தலைவலி, குமட்டல், தலைசுற்றல். கடல் மயக்கமும் அப்படித்தானே இருக்கும்! அதனால்தான் ஏமாந்துவிடுகிறோம். என்றைக்கும் மயக்கம் வராத ஆளுக்கு உள்ளே இருக்கும்போது மட்டும் தலை கனத்தால், உடனே வெளியே தூக்கிட்டு வாங்க. குளிருக்காக அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது.

வாடை வந்துட்டா... தீ பிடிச்சுட்டா...

கேஸ் வாடை தெரிந்தால் எந்த சுவிட்ச்சையும் தொடாதீங்க. போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், இரண்டிலும் பொறி வரும். பீடி, சிகரெட் உடனே தண்ணீரில். சிலிண்டரை மூடிட்டு, எல்லோரும் டெக்குக்கு ஏறி, எல்லா மூடியையும் திறங்க. அடிப்பள்ளத்தில் தேங்கியதைக் கைப்பம்பால் இறைத்து வெளியேற்றலாம், கேஸும் தண்ணீர் மாதிரி பம்பில் வரும். மோட்டார் பம்ப்பை ஓட்டக் கூடாது. வாடை முழுசாகப் போன பிறகுதான் இன்ஜின்.

வயரிங்கில் தீ என்றால் முதல் வேலை கட்-ஆஃப் சுவிட்ச். கரன்ட்டை நிறுத்தாமல் அணைத்தால் மறுபடி பற்றும். உலர் பவுடர் தீயணைப்பான் ஒன்று படகில் கட்டாயம் இருக்கணும். அதை அடுப்புக்கு மேலே மாட்டாதீங்க, தீக்குள் கையை விட்டா எடுப்பீங்க? ஏறும் வாசல் பக்கம் மாட்டுங்க. எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றாமல், நனைத்துப் பிழிந்த சாக்கால் மூடுங்க. போன், பவர்பேங்க் புகைந்தால் மட்டும் தண்ணீரை நிறைய ஊற்றிக் குளிர வைக்கணும்.

உதவிக்கு, கடலோரக் காவல்படை 1554. கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ் 1093. வயர்லெஸ்ஸில் சேனல் 16. கரையில் கேஸ் கசிவுக்கு 1906. இவற்றை போனில் சேமித்தால் மட்டும் போதாது, வீல் ஹவுஸ் பலகையில் பெயின்ட்டால் எழுதி வைங்க. போன்தான் முதலில் நனையும்.

61 நாள் இருக்கு!

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகு கரையேறும், பெயின்ட் அடிக்கும், இன்ஜின் பிரிக்கும் காலம். அந்த வேலைப் பட்டியலில் இவற்றையும் சேர்த்துடுங்க. நாட்டுப்படகுக்காரர்களுக்குக் கடலுக்குப் போகாத ஏதாவது ஒரு நாள் போதும்.

* சிலிண்டர் டெக்கில், அடியில் வழி உள்ள பெட்டியில் இருக்கா? இரண்டு கட்டு போட்டாச்சா?
* டியூப், ரெகுலேட்டர் சோப்புத் தண்ணீர் சோதனை முடிஞ்சதா?
* பேட்டரியில் இருந்து ஒரு சாணுக்குள் மெயின் ஃபியூஸ் இருக்கா? கட்-ஆஃப் சுவிட்ச் வேலை செய்யுதா?
* பச்சை பூத்த ஜாயின்ட் எல்லாம் வெட்டி மாற்றியாச்சா? முனைகளில் கிரீஸ் தடவியாச்சா?
* பேட்டரிப் பெட்டிக்கு மேலே காற்றுவழி இருக்கா?
* தீயணைப்பானின் முள் பச்சையில் நிற்குதா? படகில் இருக்கும் எல்லோருக்கும் அதை இயக்கத் தெரியுமா?
* ஏறி வெளியே வர இரண்டாவது வழி இருக்கா?

லைட்டுகளைப் போட்டு அரைமணி நேரம் எரியவிட்டு, பிறகு அணைத்துவிட்டு ஒவ்வொரு ஜாயின்ட்டையும் புறங்கையால் தொட்டுப் பாருங்க. வயரின் மற்ற பகுதியைவிட ஒரு ஜாயின்ட் மட்டும் சூடாக இருந்தால், அதுதான் உங்க படகில் அடுத்து எரியப்போகும் இடம். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் சுலபம். பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டி, எரியும் லைட்டின் முனையில் 11.5 காட்டினால், அந்த 1.1 வோல்ட் வழியில் எங்கேயோ சூடாக மாறிக்கொண்டிருக்கு. எங்கேன்னு தேடிப் பிடிங்க.

கடலோர ஊர்களில் இப்போ ஐ.டி.ஐ, பாலிடெக்னிக், இன்ஜினீயரிங் படித்த பிள்ளைகள் வீட்டுக்கு ஒருவர் இருக்காங்க. காற்று எந்தப் பக்கம் திரும்பும், நீரோட்டம் எங்கே இழுக்கும் என்று அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நீங்க சொல்லித்தர ஒன்றுமில்லை. ஃபியூஸ் எங்கே இருக்கணும் என்று சொல்லித்தரலாம். கிரிம்ப் பண்ணும் கருவியும், நாலு ஃபியூஸும், ஒரு கட்-ஆஃப் சுவிட்ச்சும் வாங்கும் செலவு ஒரு நாள் டீசல் செலவைவிடக் குறைவு. இந்த ஞாயிற்றுக்கிழமை படகு கரையில் நின்றால், மல்டிமீட்டரோடு ஒருமுறை ஏறிப் பார்த்துட்டு வாங்க.